பேம்பர் பிரிட்ஜின் சின்ன மைதானத்துக்கு டாம் ஃபின்னி பெயர் வந்தது பொருத்தமா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் டாம் ஃபின்னி தன் காலம் முழுக்க பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக டீப்டேல் மைதானத்தில் ஆடியவர். அப்படியிருக்க, பக்கத்து ஊரான பேம்பர் பிரிட்ஜில் இருக்கும் குட்டி மைதானத்துக்கு ஏன் அவர் பெயர்? அந்த மைதானம் எப்படி இருக்கும், அங்கே போய் மேட்ச் பார்ப்பது வீண் வேலையா?

வீண் வேலை இல்லை. இங்கிலாந்தில் ஃபின்னி பெயர் தாங்கிய இடங்கள் பல உண்டு. டீப்டேலில் ஒரு கேலரிக்கு அவர் பெயர், மைதானத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர், பிரஸ்டனில் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர். ஆனால் முழு மைதானமே அவர் பெயரில் இருப்பது பேம்பர் பிரிட்ஜில்தான். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு டீப்டேலைவிட இந்த இடம்தான் அவருக்கு நெருக்கமாகத் தோன்றும். காரணம் அவருடைய சம்பளத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் இடம்.

பேம்பர் பிரிட்ஜ், வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரஸ்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் பிரஸ்டனுக்குள் வராது, சவுத் ரிபிள் என்ற தனி வட்டாரம். ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர். இன்று எம்6, எம்61, எம்65 என்று மூன்று விரைவுச்சாலைகள் அதன் ஓரத்தில் வந்து முட்டுகின்றன. பிரிட்டனின் முதல் விரைவுச்சாலையான பிரஸ்டன் புறவழிச்சாலை 1958 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டபோது அதன் தென்முனை இந்த ஊர்ப் பக்கம்தான். திறந்த 46ஆம் நாளே அதை மூடவேண்டி வந்தது. தளத்தில் இறங்கிய ஈரம் பனியில் உறைந்து, பிறகு உருகியதில் மேற்பரப்பு பெயர்ந்துவிட்டது. லங்காஷயரில் எதைக் கட்டினாலும் முதலில் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுவிட வேண்டும். மைதானத்துக்கும் அதே விதிதான்.

இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1943 ஜூன் 24 இரவு, இங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கக் கறுப்பினப் போர்வீரர்களுக்கும் வெள்ளை ராணுவப் போலீசாருக்கும் மோதல் வெடித்து வில்லியம் கிராஸ்லேண்ட் என்ற வீரர் சுட்டுக்கொல்லப்பட்டார். மதுக்கடைகளில் நிறப்பாகுபாடு காட்ட ஊர்க்காரர்கள் மறுத்ததும் அந்தக் கதையின் ஒரு பகுதி. மோதல் தொடங்கிய ஓலைக்கூரை மதுக்கடை ஊரில் பிரபலம். மேட்சுக்குப் போகிறவர்கள் அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

மைதானம் பிரவுன்எட்ஜ் சாலையில் இருக்கிறது. பழைய பெயர் ஐரன்கேட். உள்ளூர்க்காரர்கள் பலரின் வாயில் இன்றும் அந்தப் பெயர்தான் வரும். கொள்ளளவு 2,264 பேர், அதில் இருக்கைகள் 550 சொச்சம். மற்றவர்கள் ஆடுகளத்தைச் சுற்றி ஓடும் கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். பக்கக்கோட்டுக்கும் உங்களுக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டர்தான் இருக்கும். விங்கர், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி ஓடித் தாக்குபவர், மூச்சு வாங்குவது காதில் விழும். தடுப்பாட்டக்காரர் சக ஆட்டக்காரரை என்ன சொல்லித் திட்டுகிறார் என்பதும் விழும். எழுபதாயிரம் பேர் உட்காரும் அரங்கில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இது கிடைக்காது.

பேம்பர் பிரிட்ஜ் கால்பந்துக் கழகம் 1952இல் உருவானது. செல்லப்பெயர் 'பிரிக்'. லங்காஷயரின் உள்ளூர் லீக்குகளில் பல ஆண்டுகள் ஆடி, 1990களில் நார்தர்ன் பிரீமியர் லீகுக்கு ஏறியது. இங்கிலாந்தின் கால்பந்து ஏணியில் மேலே நான்கு முழுத்தொழில் அடுக்குகள், அதற்குக் கீழே நேஷனல் லீக், அதற்கும் கீழே இவர்கள். ஏழாம், எட்டாம் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மட்டத்தில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பகுதிநேர ஆட்டக்காரர்கள். பகலில் வேறு வேலை, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை மேட்ச்.

இப்போது ஃபின்னி. 1922 ஏப்ரல் 5 அன்று பிரஸ்டனில், டீப்டேல் மைதானத்துக்கு மிக அருகில் பிறந்தார். சின்ன உடம்பு. இடது கால் ஆட்டக்காரர், ஆனால் வலது விங்கில் ஆடிப் பேர் வாங்கினார். இடது விங், நடு முன்களம் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். பிரஸ்டன் அணி அவரை இளவயதிலேயே அழைத்தது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பிளம்பர் தொழிற்பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கால்பந்து. அப்படியே பதினாலு வயதில் குழாய் வேலைக்குப் போனார். பிறகு உலகமே அவரை 'பிரஸ்டன் பிளம்பர்' என்று கூப்பிட்டது.

போர் குறுக்கே வந்தது. 1941இல் பத்தொன்பது வயதில் வெம்ப்லியில் போர்க்காலக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடினார். ஆர்சனலுடன் 1-1, பிளாக்பர்னில் நடந்த மறு ஆட்டத்தில் பிரஸ்டன் 2-1 என்று வென்றது. அதன்பின் ராணுவம். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் எட்டாவது படையில் டாங்கி ஓட்டுநராக எகிப்திலும் பிறகு இத்தாலியிலும் இருந்தார். லீக்கில் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 24: 1946 ஆகஸ்ட் 31, லீட்ஸுக்கு எதிராக. நாலு வாரத்தில், செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்து அணியிலேயே இறங்கிவிட்டார். வட அயர்லாந்தை 7-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அவர் பங்கும் ஒரு கோல். ஒரு விங்கரின் வேகம் உச்சத்தில் இருக்கும் பத்தொன்பதிலிருந்து இருபத்து நாலு வரையிலான வயதைப் போர் தின்றுவிட்டது. கீழே வரும் எண்களைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிரஸ்டனுக்காக லீக்கில் 433 ஆட்டம், 187 கோல். கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 473 ஆட்டம், 210 கோல். இங்கிலாந்துக்காக 76 ஆட்டம், 30 கோல். 1947இல் லிஸ்பனில் போர்ச்சுகலை 10-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் வலதில் ஸ்டான்லி மாத்யூஸ், இடதில் ஃபின்னி. ஒரே இடத்துக்கு இரண்டு மேதைகள் இருந்தால் ஒருவரை இன்னொரு பக்கம் நிறுத்திப் பார்க்கலாமே என்று தேர்வாளர்களுக்குத் தோன்றியதன் பலன் அது. அடுத்த ஆண்டு டுரினில் இத்தாலியை 4-0 என்று வென்றபோது இரண்டு கோல் இவருடையது. 1950, 1954, 1958 என மூன்று உலகக்கோப்பைகளிலும் ஆடினார். 1950இல் பெலோ ஹொரிசோன்ட்டியில் அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்ற அவமானத்திலும் களத்தில் இருந்தார். 1954, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கால்பந்து எழுத்தாளர்களின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான். நடுவர் ஒருமுறைகூட அவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதியதில்லை. விங்கர்களை வெட்டி வீழ்த்துவதையே உத்தியாக வைத்திருந்த காலத்தில் இது சாதாரணம் இல்லை.

கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 1952-53இல் பிரஸ்டனும் ஆர்சனலும் சம புள்ளி. கோல் சராசரியில் (போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த எண்) பட்டம் ஆர்சனலுக்குப் போனது. 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் பிராம்விச்சிடம் 2-3. அன்று ஃபின்னியின் ஆட்டமும் எடுபடவில்லை. 1957-58இல் மறுபடி லீக்கில் இரண்டாமிடம். 1960 ஏப்ரல் 30 அன்று லூட்டனுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். இடுப்புக்கீழ்த் தசைக் காயம் விடவில்லை. அவர் போன அடுத்த பருவத்திலேயே பிரஸ்டன் அன்றைய உச்ச அடுக்கான முதல் பிரிவிலிருந்து இறங்கியது. இன்றுவரை மேலே வரவில்லை. ஒரு ஆட்டக்காரர் எவ்வளவு தாங்கினார் என்று காட்ட இதைவிடப் பெரிய புள்ளிவிவரம் தேவையில்லை.

இனி சம்பளக் கதை. இது புரியாவிட்டால் அந்த மைதானத்தின் பெயரும் புரியாது.

அன்றைய இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1951இல் பருவத்தின்போது வாரம் 14 பவுண்டு, கோடை விடுமுறையில் அதைவிடக் குறைவு. 1958இல் 20 பவுண்டு வரை ஏறியது. ஃபின்னியாக இருந்தாலும் சாதாரண ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்குமேல் ஒரு பென்னி கொடுக்கக் கூடாது. கூட்டம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று வந்தாலும் வசூல் கழகத்துக்குத்தான். இதோடு இன்னொரு பூட்டும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அவர்கள் விடாவிட்டால் வேறெங்கும் ஆட முடியாது.

1952இல் இத்தாலியின் பலெர்மோ கழகத்திலிருந்து ஃபின்னிக்கு அழைப்பு வந்தது. கையெழுத்திட 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, வெற்றிக்குத் தனி ஊக்கத்தொகை, கடலோரத்தில் வீடு, கார், குடும்பத்துக்குப் பயணச் செலவு. வாரம் 14 பவுண்டை மாதக் கணக்காக்கினால் அறுபது சொச்சம்தான் வரும். மாதச் சம்பளமே இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கையெழுத்துத் தொகையோ வாரம் 14 வீதம் சேர்த்தால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டிய பணம். பிரஸ்டன் நிர்வாகம் முடியாது என்றது. ஃபின்னி போகவில்லை. 'விசுவாசத்துக்காகப் பணத்தை உதறியவர்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை. அவர் முன்னால் கதவு திறந்திருந்து அவர் மறுத்தார் என்பது சரியில்லை, கதவே பூட்டியிருந்தது. உச்சவரம்பு 1961 ஜனவரியில்தான் ஒழிந்தது. பதிவைப் பிடித்துவைக்கும் முறை 1963இல் ஜார்ஜ் ஈஸ்டம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் உடைந்தது. இரண்டுமே அவர் காலணியைக் கழற்றிய பிறகு.

அதனால் பிளம்பர் வேலை அவருக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. சகோதரருடன் சேர்ந்து நடத்திய குழாய் வேலை நிறுவனம்தான் வருங்காலத்துக்கான சேமிப்பு. அந்தத் தொழில் அன்று எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் ஈயக் குழாய். இரண்டு குழாய்களை இணைக்க, ஒன்றின் வாயை விரித்து மற்றதைக் கூம்பாகச் சீவிப் பொருத்தி, உருக்கிய பற்றுஈயத்தை மேலே வார்த்து, அது இறுகும் அந்தச் சில நொடிக்குள் தடித்த துணியால் வழித்து முட்டை வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சூடு அதிகமானால் குழாயே உருகி ஓட்டை விழும். குறைந்தால் பற்று கட்டிகட்டியாக நின்று கசியும். குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து ஈயத்தைப் பிளக்கும். உறைந்திருக்கும்வரை தெரியாது, உருகும் நாளில்தான் வீட்டுக்குள் மழை பெய்யும். ஆக, ஒரு பிளம்பருக்கு வேலை குவிகிற மாதங்களும் கால்பந்துப் பருவத்தின் நெருக்கமான மாதங்களும் ஒன்றுதான்.

பேம்பர் பிரிட்ஜில் இன்று ஆடுகிற பகுதிநேர ஆட்டக்காரரின் நிலைமை, இந்த விஷயத்தில், பிரீமியர் லீக் நட்சத்திரத்தைவிட ஃபின்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலையும் ஆட்டமும் சேர்ந்ததே அவர்கள் வாழ்க்கை. அந்த வகையில் பெயர் சரியான வாசலில்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

ஃபின்னி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் படம் ஒன்று உண்டு. 1956 ஆகஸ்ட் 25, லண்டன் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ், செல்சிக்கு எதிரான ஆட்டம். கொட்டித் தீர்த்த மழையில் ஆடுகளத்தில் குளமாகத் தண்ணீர். இரண்டு செல்சி ஆட்டக்காரர்களைத் தாண்டும் ஃபின்னி தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போக, அவர் இடுப்பளவுக்கு மேல் நீர் விசிறியாக எழும்பி நிற்கிறது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுப் படமாகத் தேர்வானது. அதை அப்படியே சிலையாக வடித்தவர் பீட்டர் ஹாட்ஜ்கின்சன். 2004 முதல் அது டீப்டேல் வாசலில் நீரூற்றோடு நிற்கிறது.

அழகான படம்தான். ஆனால் இன்று அந்த ஆடுகளத்தை எந்த நடுவரும் ஆட்டத்துக்கு அனுமதிக்க மாட்டார். சின்ன மைதானங்களில் மழைக்கால மேட்ச்கள் வரிசையாகத் தள்ளிப்போவது ஏன் என்று புரிய, நடுவர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. பந்தைத் தோள் உயரத்திலிருந்து விடுவார். எழும்பாமல் சளக்கென்று உட்கார்ந்தால் கெட்ட சகுனம். பிறகு தரையோடு உருட்டுவார். பத்து மீட்டர் போக வேண்டிய பந்து நடுவழியில் திடீரென்று நின்றால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. கோல் வாய், மூலைகள், பக்கக்கோட்டை ஒட்டி லைன்ஸ்மேன் ஓடும் தடம் என்று ஒவ்வொன்றாகப் போவார். காலணியை ஊன்றித் திருப்பினால் பக்கவாட்டில் நீர் பிதுங்குகிறதா என்று பார்ப்பார். பனி நாளில் குதிகாலால் அழுத்துவார். முழுக்க உறைந்த தரை ஆபத்துதான். அதைவிட மோசம், மேலே ஒரு சென்டிமீட்டர் இளகி அடியில் கல்லாக இருக்கும் தரை. காலணியின் முள் அந்த இளகிய சேற்றில் மட்டும் பிடித்து, அடியில் வழுக்கும். முழங்கால் போவது அங்கேதான். கேலரியின் நிழல் விழும் பக்கத்தில் பனி நண்பகலைத் தாண்டியும் இளகாது. ஒரு பாதி நன்றாக இருந்தும் ஆட்டம் ரத்தாவதற்கு அதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். ஆடுகளம் 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் என்று வைத்தால் பரப்பு 6,400 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தாலே 64,000 லிட்டர் தண்ணீர் அதன்மேல் விழுகிறது. களிமண் தரையில் அது கீழே இறங்குவது மெதுவாகத்தான். மேலே ஆட்டக்காரர்கள் மிதித்து மிதித்து மண் இறுகினால் இறங்கவே இறங்காது. தரைக்கடியில் வடிகால் குழாய் நன்றாகவே இருக்கும், ஆனால் மேல் ஐந்து சென்டிமீட்டர் இறுகிப்போனதால் தண்ணீர் அந்தக் குழாயைச் சென்றடையாமல் மேலேயே நிற்கும். குழாயைத் தோண்டிப் பார்த்துச் செலவு செய்வதற்கு முன் மண்வெட்டியால் ஒரு சதுரக் கட்டியை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். மேலடுக்கு ஈரமாகவும் கீழே மண் உலர்ந்தும் இருந்தால் குற்றம் குழாயில் இல்லை.

மருந்து, துளையிடுவதுதான். பருவம் முழுக்க, தரை பிசுபிசுப்பாக இல்லாத நாட்களில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு முள்ளுருளை ஓட்டுவார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை ஆழத்துளை இயந்திரத்தால் 25 சென்டிமீட்டருக்கும் கீழே குத்தி மண்ணைச் சற்றே நெம்பி விடுவார்கள். சேறாக இருக்கும்போது துளையிட்டால் துளையின் சுவர் மெழுகினதுபோல் வழுவழுப்பாகி, தண்ணீர் பக்கவாட்டில் போகாது. நல்லது செய்வதாக நினைத்துக் கெடுப்பது இப்படித்தான். மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்ததும் பெரிய பராமரிப்பு: பழைய புல்லையும் வேர்ச்சடையையும் வாரி எடுத்து, துளையிட்டு, ஒரு ஆடுகளத்துக்கு அறுபது டன் அளவில் மணல் பரப்பி, அதைத் துளைகளுக்குள் துடைப்பத்தால் தள்ளி, ரை புல் விதை தூவுவார்கள். அறுபது டன் என்றால் மலைப்பாக இருக்கும். பரப்பிப் பார்த்தால் ஆறு மில்லிமீட்டர்தான் வரும். ஓராண்டு செய்து பயனில்லை என்று விடக் கூடாது, ஆண்டுதோறும் போட்டால்தான் மேல்மண்ணின் குணம் மாறும்.

கோல் வாய் சீக்கிரம் மொட்டையாவதற்கு ஆட்டம் மட்டும் காரணம் இல்லை. ஆட்டத்துக்கு முன் கோலிகள் அரைமணி நேரம் அதே இடத்தில் விழுந்து புரளும் பயிற்சிதான் பாதி. நகர்த்தக்கூடிய கோல் சட்டத்தை மைதானத்தின் ஓரத்தில் வைத்து அங்கே பயிற்சி செய்யச் சொன்னாலே பிப்ரவரியில் புல் மிஞ்சும். செலவே இல்லாத ஏற்பாடு, ஆனால் சொன்னால் கேட்கிற பயிற்சியாளர்கள் குறைவு.

இந்த மைதானத்தின் கதையில் மறக்க முடியாத ஆண்டு 1996. அந்தப் பருவத்தில் பேம்பர் பிரிட்ஜ் நார்தர்ன் பிரீமியர் லீகின் பிரீமியர் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த படி, நான்கு முழுத்தொழில் அடுக்குகளுக்கு நேர் கீழே இருந்த கான்ஃபரன்ஸ் லீக் (இன்றைய நேஷனல் லீக்). ஏற்றம் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் குறை இல்லை. மைதானம் அந்த லீகின் தரவிதிகளை எட்டவில்லை என்பதே காரணம். இதே ஆண்டில் கான்ஃபரன்ஸ் பட்டம் வென்ற ஸ்டீவனேஜ் அணிக்கும் மைதானத்தைக் காட்டித்தான் மேலே போக அனுமதி மறுத்தார்கள். அவர்கள் நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை.

மைதானத் தரம் என்றால் இருக்கை எண்ணிக்கை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியல் நீளமானது. பக்கக்கோட்டிலிருந்து 1.83 மீட்டருக்குள் நிலையான தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. தடுப்பின் உயரம் 1.1 மீட்டர். பார்வையாளர் நிற்கும் இடம் மண்ணாக இல்லாமல் கெட்டித்தளமாக இருக்க வேண்டும். ஆடுகளத்தின் சரிவு 41க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது. 64 மீட்டர் அகலத்தில் அது ஒன்றரை மீட்டர். சரிவாவது ஒன்றரை மீட்டராவது என்று சிரிக்க வேண்டாம், மலைச்சரிவு ஊர்களில் இதிலேயே மாட்டிக்கொண்ட கழகங்கள் உண்டு. இதுபோக உடைமாற்றும் அறைகளின் அளவு, நடுவருக்குத் தனி அறை, மின்னொளியின் பிரகாசம், கழிப்பறைகள், சுழல்கதவுகள், வெளியேறும் வழிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, கெடு. குறிப்பிட்ட தேதிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும், 'கோடையில் முடித்துவிடுவோம்' என்ற வாக்குறுதி செல்லாது. சின்னக் கழகம் திணறுவது இங்கேதான். பட்டம் கிடைக்குமா என்று தெரிவது ஏப்ரலில். சுவர் எழுப்பப் பணம் போட வேண்டியதோ அதற்கு மாதங்கள் முன்பே. கிடைக்காத ஏற்றத்துக்காகக் கடன் வாங்கிக் கேலரி கட்டி மூழ்கிய கழகங்களையும் பார்க்கலாம், கட்டாமல் ஏற்றத்தை இழந்தவர்களையும் பார்க்கலாம். கழகத்தின் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறார் என்பதைப் பொறுத்தது.

அதே 1996 கோடையில்தான் வேடிக்கை. யூரோ கோப்பைக்காக இங்கிலாந்து வந்த செக் குடியரசு அணி பிரஸ்டன் பக்கம் முகாமிட்டிருந்தது. பயிற்சி ஆட்டத்துக்கு அழைத்துப் பேம்பர் பிரிட்ஜ் தன் மைதானத்திலேயே அவர்களுடன் மோதியது. 1-9 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 2,300 பேர், அந்த மைதானத்தின் சாதனைக் கூட்டம். அந்தச் செக் அணி ஜூன் மாதக் கடைசியில் வெம்ப்லி இறுதி ஆட்டம்வரை போய், கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவருக்கே வெற்றி என்ற 'தங்க கோல்' விதியில் ஜெர்மனியிடம் 1-2 என்று வீழ்ந்தது. ஐந்தாம் அடுக்குக்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்ட அதே புல்லில்தான் ஐரோப்பாவின் இரண்டாவது சிறந்த அணி கால்களைப் பழக்கிக்கொண்டது. அந்த ஒரு கோலை இன்னும் ஊரில் பேசுவார்கள். ஒன்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள்.

ஃபின்னியின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வுக்குப் பின் தொழிலைக் கவனித்தார், உள்ளூர் நீதிபதியாகவும் சுகாதார நிர்வாகத்திலும் இருந்தார். 1963இல் நாற்பத்தொரு வயதில், வட அயர்லாந்தின் டிஸ்டிலரி அணிக்காக ஐரோப்பியக் கோப்பையில் பென்ஃபிகாவுக்கு எதிராக ஒரே ஒரு ஆட்டம் இறங்கினார். 3-3 என்று சமன். 1998இல் சர் பட்டம். பிரஸ்டன் கழகத்தின் தலைவர் பதவியை அலங்கரித்தார். 2014 பிப்ரவரி 14 அன்று 91 வயதில் மறைந்தார். லிவர்பூலைக் கட்டியெழுப்பிய பில் ஷாங்க்லி பிரஸ்டனில் அவரோடு ஆடியவர். பிற்காலத்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஃபின்னியை அளவுகோலாக எடுத்து வைப்பது அவர் வழக்கம்.

நேரில் போவதென்றால்: பிரஸ்டன் ரயில் நிலையத்திலிருந்து பிளாக்பர்ன் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் பேம்பர் பிரிட்ஜ். அங்கிருந்து நடந்தே போகலாம். வண்டிகள் அடிக்கடி இருக்காது, திரும்பும் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. வாரநாள் ஆட்டம் மாலையில் மின்னொளியில். முன்பதிவுக்கு அலைய வேண்டாம், வாசலிலேயே கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம். இந்த மட்டத்துக் கழகங்களின் வருமானம் வாசல் வசூல், உள்ளே இருக்கும் மதுக்கூடம், குலுக்கல் சீட்டு, தடுப்பில் மாட்டிய உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பலகை என்று சில்லறை சில்லறையாகத்தான் சேரும். அங்கே வாங்கும் ஒரு தேநீர்கூடக் கணக்கில் வரும். முதல் பாதியில் ஒரு கோலின் பின்னாலும் இரண்டாம் பாதியில் மறு கோலின் பின்னாலும் போய் நிற்பது பலருடைய வழக்கம். தம் அணி தாக்கும் பக்கமாகவே இருக்கலாம்.

டீப்டேல் சிலையையும் அதே நாளில் பார்ப்பது எளிது, ஆனால் வரிசை முக்கியம். பிரஸ்டன் அணியின் உள்ளூர் ஆட்டம் பெரும்பாலும் அதே சனி 3 மணிக்கு வரும், இரண்டையும் பார்க்க முடியாது. ஆட்டமில்லாத காலை வேளையில் டீப்டேலுக்குப் போய்விட்டு, மதியம் பேம்பர் பிரிட்ஜ் வருவது சரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் புறப்படுமுன் கழகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சந்தேகமான வானிலையில் காலையிலேயே ஆடுகளச் சோதனை வைத்துவிடுவார்கள். அந்தச் சோதனையில் தேறிய பிறகும் மதியம் மழை பிடித்தால் ரத்தாகலாம். அப்படி ஆனால் வாங்கிய சீட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், மறு ஆட்டத்துக்குச் செல்லுமா என்று வாசலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.